பூங்காத் தெருக் குடியிருப்பின் ஒலி மட்டம்

1963ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலிருந்து, பிஸ்த்ரோவ் நகரத்துப் பூங்காத் தெருக் குடியிருப்பில், புதிதாகப் பிறந்த குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து அது முதல் தடவை அழுதால், அதே நொடியில் பெரியவர் ஒருவருக்குக் குரல் போயிற்று. முதலில் போனது இரண்டாம் கட்டிடத்துத் தையற்காரர் வின்சென்டி ஷோட்டுக்கு. அவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, பீட்ரூட் சூப்பில் புளிப்பு போதவில்லை என்று மனைவி பெலாகியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் ஒரு குழந்தையின் அழுகை ஏறி வந்தது. வாக்கியத்தின் நடுவில் அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மீதி வாக்கியம் சுவரோரம் இருந்த, அறையைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டருக்குள்ளிருந்து வந்தது. அன்றிலிருந்து அந்த அரை வாக்கியம் ஆறு நொடிக்கு ஒரு தடவை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரலில் தபால் நிலையத்துப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. ஜூனில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு. மருத்துவமனையில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். வேறு ஊருக்குப் போனாலும் குரல் கூடப் போகவில்லை; அது குழாயில் இருந்தது.

ஆறு நொடி என்று கேள்விப்பட்டதும் ஹல்ஷ்கா வ்ரோனாவுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அவள் அதே குடியிருப்பின் இரண்டாம் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தவள். தெருவுக்கு எதிர்ப்புறம் வானொலி நிலையத்தின் சோதனை இசைக்கூடத்தில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலை. ஆறு நொடி என்பது அவள் தன் கையால் அளந்து வைத்த தூரம். ஒரு டேப் இயந்திரத்துக்கும் அடுத்த டேப் இயந்திரத்துக்கும் நடுவே இரண்டேகால் மீட்டர். நாடா அந்த இடைவெளியைக் கடக்க ஆறு நொடி ஆகும்.

அந்த இசைக்கூடம் 1959இல் ஒரு துணிக் கிடங்கில் தொடங்கியது. அதற்கு முன் பிஸ்த்ரோவில் இசை என்றால் மாதா கோவில் ஆர்கனும் நெசவாலைப் பித்தளை வாத்தியக் குழுவும்தான். கூடத்துக்கு ஒலி அலைகளை உண்டாக்கும் எட்டுப் பெட்டிகள் வந்தன, நாலு டேப் இயந்திரங்கள் வந்தன, தலைநகரிலிருந்து இசையமைப்பாளர் ஸெனோபியுஷ் கோர்பியேலும் வந்து சேர்ந்தார். அவர் கேட்கும் சத்தம் எந்த வாத்தியத்திலும் இருக்காது. கதவுக் கீலின் கிறீச்சை எட்டு மடங்கு மெதுவாக்கி, அதன் வாலை வெட்டித் தலையில் ஒட்டச் சொல்வார். ஹல்ஷ்கா காந்தம் ஏறாத கத்தரியால் வெட்டுவாள், சாய்வாக ஒட்டுவாள். ஒரு நிமிட இசைக்கு ஒரு வாரம் ஆகும். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டியதில்லை. நாடா எங்கே முடிகிறதோ அங்கே இசை முடிந்தது. சுருளில் வெள்ளை வால் ஒட்டி, பெட்டியில் போட்டு, தேதி எழுதி அடுக்கில் வைத்துவிட்டால் அது வெளியே வராது.

1962 இலையுதிர் காலத்தில் கோர்பியேல் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். அந்த வருஷம் அவர் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் எந்திரங்களைப் பற்றி நிறையப் படித்திருந்தார். கொதிகலனின் ஆவிக் கட்டுப்பாடு, உடம்பின் சூடு, கிராமத்துக் குளத்தில் மீனும் பாசியும் ஒன்றையொன்று அளவில் வைத்திருப்பது, எல்லாம் ஒரே வரைபடம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய புதிய இசைக்கு ஸ்வரத்தாள் கிடையாது. ஒரே ஒரு தாள். அதில் நாலு கட்டங்கள், கட்டங்களை இணைக்கும் அம்புகள், கீழே ஒரு வரி: வெளியே போகிற ஒலி மறுபடி உள்ளே வரட்டும், மொத்த ஒலி இந்தக் கோட்டைத் தாண்டினால் எந்திரம் தானே எதையாவது குறைத்துக்கொள்ளட்டும்.

"எதைக் குறைக்கணும்னு யார் சார் சொல்றது?" என்று ஹல்ஷ்கா கேட்டாள்.

"யாரும் சொல்ல வேண்டாம்மா. அதுக்கே தெரியும். நான் இனிமே இசை எழுதப் போறதில்ல. வளக்கப் போறேன்."

"எப்ப முடியும்?"

"தோட்டம் எப்ப முடியும்? அந்த மாதிரி கேள்வி கேக்கறியே."

ஹல்ஷ்கா இரண்டு டேப் இயந்திரங்களைச் சுவரோரம் வைத்து நாடாவைக் குறுக்கே இழுத்தாள், ஒலிவாங்கியைத் திறந்து வைத்தாள், முள் நகரும் அளவுமானியில் கோர்பியேல் சொன்ன இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டாள். எந்திரம் முதல் நாள் இருமியது. இரண்டாம் நாள் பாசி பிடித்த தண்ணீர் மாதிரி மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. கேட்டவர்கள் வெளியே வந்து, அழகாக இருப்பதாகச் சொல்லி, கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வேகமாகப் போனார்கள்.

ஒரே குறை, அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. மின்சாரத்தின் ரீங்காரம். கருவிகளுக்கு மண்ணோடு சரியான இணைப்பு வேண்டும், முற்றத்தில் செம்புத் தகடு புதைக்க வேண்டும். செம்புத் தகட்டுக்கு விண்ணப்பம் போட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்டில் வீட்டு வானொலிப் பெட்டி முனகினால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கம்பியை இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ரேடியேட்டரில் கட்டிவிடுவார்கள். ஹல்ஷ்காவின் அப்பா அப்படித்தான் கட்டினார். ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளும் கட்டினாள். ரீங்காரம் நின்றது. கோர்பியேல் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

அந்த ரேடியேட்டருக்கு வெந்நீர் வருவது குடியிருப்பின் கொதிகலன் அறையிலிருந்து. அதே குழாய் தெருவுக்கு அடியில் போய் நாலு கட்டிடங்களில் நூற்று அறுபது வீடுகளின் சுவரோரம் நிற்கிறது. பனிக்காலத்தில் பூங்காத் தெருவில் பனி உருகிப் பச்சைக் கோடாகப் புல் தெரியும் இடமெல்லாம் அந்தக் குழாய் போகும் வழி. எந்திரத்துக்கு நூற்று அறுபது காதுகள் கிடைத்தன. அது நாலாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவதாகக் குடியிருப்பைச் சேர்த்துக்கொண்டது. கோடு மட்டும் அதே கோடு.

குரல் போனது தவிரச் சின்ன விஷயங்களும் நடந்தன. மே தின ஊர்வலத்தின் பித்தளைக் குழு தெருவில் போன அரை மணி நேரமும் நாலு கட்டிடங்களிலும் பேச்சு பாதியாகக் குறைந்தது. ஊர்வலம் போனதும் திரும்பி வந்தது. யார் வீட்டிலாவது தன் பெயர்கொண்ட புனிதரின் பெயர்நாள் கொண்டாடி உரக்கப் பாடினால் மாடியில் நாய் குரைப்பது கேட்காது. போகிற சத்தத்துக்குப் போகிற மௌனம், தங்குகிற சத்தத்துக்குத் தங்குகிற மௌனம் என்று ஹல்ஷ்கா தன் பதிவேட்டில் எழுதிவைத்தாள். குழந்தை தங்குகிற சத்தம்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. ஒரு நாள் நடுப்பகலில் நகரத்தில் மின்சாரம் மூன்று நிமிடம் போயிற்று. எந்திரம் அடங்கியது. அதோடு குடியிருப்பும் அடங்கியது. பெலாகியாவின் கையிலிருந்து விழுந்த தட்டு சத்தமில்லாமல் உடைந்தது. ஒரு பெண் தன் குழந்தை வாயைத் திறந்து நீலமாகிற வரைக்கும் அழுவதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். மின்சாரம் வந்ததும் எல்லாச் சத்தமும் வந்தது. இன்னொரு நாள் ஹல்ஷ்கா கம்பியை மட்டும் கழற்றினாள், அதே கதை. திரும்பக் கட்டினாள். அதற்குப் பிறகு வானொலி நிலையத்தின் இயக்குநர், கொல்லையில் ஒரு டீசல் ஜெனரேட்டரை வைத்து, இசைக்கூடத்து வாசலில் இரண்டு காவலர்களைப் போட்டு, எந்திரத்தை எவரும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார். தேய்ந்த வால்வுகளை எந்திரம் ஓட ஓடவே ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நாடாவையும் அப்படியே. தலைநகரிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து இரண்டு நாள் தங்கியது. அமைப்பு சமநிலையில் உள்ளது, குடியிருப்பின் மக்கள்தொகை மாறாதிருப்பது விரும்பத்தக்கது என்று எழுதிவிட்டு ரயிலேறிப் போயிற்று.

வீட்டை விட்டுப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பிஸ்த்ரோவில் வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1964ஆம் ஆண்டில் குடியிருப்பில் எல்லோரும் வயதானவர்களை அன்போடு நலம் விசாரித்தார்கள். ஒருவர் போனால் ஒரு குழந்தைக்கு இடம் உண்டு. அந்த வருஷம் எவரும் சாகவில்லை. இளம் மனைவிமார் தனித்தனி அறையில் படுத்தார்கள். மாடிப்படியில் பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அக்டோபர் மாதம் ஹல்ஷ்காவின் கோட்டுக்குக் கடைசிப் பொத்தான் எட்டவில்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இனிக் குழந்தை இல்லை என்று எப்போதோ முடிவு செய்து, தொட்டிலுக்கு வைத்திருந்த இடத்தில் தையல் எந்திரம் போட்டாயிற்று.

பெலாகியா அவளை இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிறுத்தினாள்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. இது எந்த மாசம்?"

"ஜனவரி கடைசி, அக்கா."

"ம். நல்ல மாசம்." பெலாகியா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்குப் போனது போச்சு. ரேடியேட்டர் மேல தலைய வச்சுக்கிட்டுத்தான் நான் தூங்கறேன், புளிப்பு போதல புளிப்பு போதலன்னு விடிய விடிய. எனக்கு இருக்கறது என் வாய் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா அந்த வீட்ல ரேடியேட்டர் மட்டும்தான் பேசும். கம்பியக் கட்டினது நீ. இப்ப வயித்துல கட்டிக்கிட்டு நிக்கறதும் நீ. யாரோட குரல வாங்கி உன் பிள்ளைய அழ வைக்கப் போற, சொல்லு."

ஹல்ஷ்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். அவள் பொதுவாகவே அதிகம் பேசாதவள்; அந்த மாதத்திலிருந்து குடியிருப்பில் அவளோடும் எவரும் பேசவில்லை. அவள் ஏறும்போது கதவுகள் சாத்தப்பட்டன. போகுமில்தான், அவள் கணவன், டிராம் நடத்துநர், வீட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"என் குரல எடுத்துக்கட்டுமே. டிக்கெட்டு டிக்கெட்டுன்னு கத்தறதுக்கு மணி இருக்கு. ஆனா ஒண்ணு, ரேடியேட்டர்ல என் குறட்டை வந்தா நீதான் கேக்கணும்."

அவள் சிரித்தாள். பிறகு சமையலறையில் நின்று பயந்தாள். பயம் வெவ்வேறு பக்கமாக இருந்தது. அவன் குரல் போகலாம். கீழே பெலாகியாவின் குரல் போகலாம், அதற்கு அவள் எந்த முகத்தோடு படி இறங்குவாள். எல்லாவற்றையும் விட மோசமாக ஒன்று இருந்தது: எந்திரம் பெரியவர்களிடமிருந்து எடுப்பதற்குப் பதிலாக, கோட்டில் இடமில்லை என்று குழந்தையையே அடக்கிவிட்டால்? அதற்கு எதைக் குறைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதுக்கே தெரியும் என்று கோர்பியேல் சொன்னார். அவள் வேலை நேரம் முழுவதும் முள்ளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்ததால்தான் டிசம்பர் மாதத்து விஷயம் கண்ணில் பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் ஊரில் ஆளுக்கொன்றை விடுவதாக மாதா கோவிலில் சபதம் எடுப்பார்கள். வோட்கா, சிகரெட், இனிப்பு. குழாய்க்காரர் ஜெங்கியெல் அந்த வருஷம் "நாய் ரத்தம்" என்று திட்டுவதை ஆயுசுக்கும் விடுவதாகச் சபதம் எடுத்தார். மனைவி கேட்டுக்கொண்டதாம். அவர் ஞாயிறு பத்தரை மணிக்குச் சபதம் எடுத்தார். பத்தரை மணிக்கு முள், அளவுமானியின் அளவுக் கோடுகளில் அரைக் கோடு இறங்கியது. இறங்கியதும் அங்கேயே நின்றது. அவர் இனிமேல் சொல்லாமல் விடப்போகிற அத்தனை நாய் ரத்தத்தையும் எந்திரம் அப்போதே கழித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஒரு திருகு நழுவி அவர் கட்டைவிரல் நசுங்கியது. முள் பழைய இடத்துக்கு ஏறிற்று.

ஹல்ஷ்கா கோர்பியேலிடம் போய்ச் சொன்னாள். அவர் அந்த வருஷம் மிகவும் மெலிந்திருந்தார். எந்திரத்தைப் பார்க்க வருவதே இல்லை. தன் வீட்டு ரேடியேட்டரைச் சுற்றி மூன்று கம்பளி கட்டி வைத்திருந்தார்.

"ஒரு சொல்ல வாயாலயே விட்டா திரும்பி வந்துடும்" என்றாள். "ஒலிவாங்கி முன்னாடி சொல்லி நாடாவுல ஏத்திட்டா வராது. வின்சென்டி சாரோட வாக்கியம் வரலயே. ஆளையே எடுக்கறதுக்குப் பதிலா, ஆளுக்கு ஒரு சொல்லக் குடுத்தா இடம் ஆகும் சார்."

"எத்தனை கோடு வேணும் ஒரு குழந்தைக்கு?"

"நாலு. மூணு தடவ பாத்துட்டேன்."

கோர்பியேல், இதை நான் யோசித்திருக்க வேண்டும் என்றார்.

கட்டிடம் கட்டிடமாகப் போய்க் கேட்டது போகுமில். கதவைத் திறக்காதவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். பெரும்பாலானவர்கள் மாட்டேன் என்றார்கள். ஜனவரி 17, ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு இசைக்கூடத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். பெலாகியா வந்திருந்தாள், கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு. வேறொன்றுக்கும் இல்லை, தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அறையில் எந்திரம் பாடிக்கொண்டிருந்தது. அதற்குள் வின்சென்டியின் வாக்கியமும் தபால் நிலையத்துப் பெண்ணின் தும்மலும் தூரத்தில் கேட்டன. வின்சென்டி தன் குரலைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

முதலில் பெலாகியாவே ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். "காண்டாமிருகம்" என்றாள்.

முள் அசையவில்லை.

"அக்கா, முள்ளுக்கு உங்களத் தெரிஞ்சிருக்கு" என்றான் போகுமில். "பொழங்கற சொல்லாக் குடுங்க."

"எது பொழங்கறேன், எது பொழங்கல, உனக்கென்னடா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பெலாகியா கொஞ்சம் யோசித்து, "அடுத்த வீட்ல" என்றாள். முள் கால் கோடு இறங்கியது. யாரோ சிரித்தார்கள். அவள் திரும்ப அதைச் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் உண்மையில் பயம் வந்தது. ஜெங்கியெல் "நாய் ரத்தம்" கொடுத்தார். அரைக் கோடு. கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் மறைக்கவில்லை. நாலு பெண்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒருத்தி "ஐயோ" என்பதை, ஒருத்தி தன் மாமியார் பெயரை. மொத்தம் முக்கால் கோடு. கோர்பியேல் முன்னால் போய், நெடுநேரம் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்று, "நான்" என்றார். முள் ஒன்றரைக் கோடு சரிந்தது. அவருக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. சாகும் வரைக்கும் அந்த மனிதர் அந்தச் சொல் இல்லாமல்தான் பேசினார். அவர் பேச்சு அதற்குப் பிறகு நன்றாக இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

மூன்று கோடு ஆயிற்று. இன்னும் ஒரு கோடு வேண்டும். மற்றவர்கள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். போகுமில் டிராம் தொப்பியை மேசைமேல் வைத்தான்.

"இதுல ரெண்டு கோடு வரும் பாருங்க" என்றான். "காலைல எழுந்ததும் இதைத்தான் சொல்றேன். சாக்ஸ் எங்கேன்னு கேக்கறதுக்கு முன்னாடி இதச் சொல்லணும்." குனிந்து ஒலிவாங்கியில் சொன்னான்: "ஹல்ஷ்கா."

முள் ஒரு மயிரிழை அசைந்தது. நின்றது.

ஒரு சொல்லை ஒருவர் இனி எத்தனை தடவை சொல்லப்போகிறாரோ அவ்வளவுதான் முள் இறங்கும். அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அதற்குள் அது தெரிந்திருந்தது. அந்தச் சொல்லை நாடா எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவ்வளவு கொஞ்சத்தை எந்திரம் சொல்லாகவே மதிக்கவில்லை. போகுமில் நிமிர்ந்தான். நாற்பத்தொரு வயது, டிராம் படியில் தொங்கிக்கொண்டு மழையில் நனைகிற உடம்பு. அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போயிருந்தது. சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. எந்திரம் பாடிக்கொண்டே இருந்தது. புளிப்பு போதவில்லை என்று ஒரு தடவை சொல்லி முடித்து, ஆறு நொடி கழித்து இன்னொரு தடவை சொன்னது.

ஹல்ஷ்கா எழுந்து போனாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவன் சட்டைக் கைநுனியைப் பிடித்துக்கொண்டு, அவள் எதையும் கொடுக்க நினைக்காமல், ஒலிவாங்கி திறந்திருப்பதை நினைக்காமல், அவனைப் பார்த்து, "பயப்படாதே" என்றாள்.

முள் விழுந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, இரண்டரை. இவ்வளவு ஆழத்தில் அதை எவரும் பார்த்ததில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், ஏதோ பல் விழுந்த மாதிரி. அந்த வார்த்தையை அவள் எவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருந்திருக்கும், எத்தனை ராத்திரிகளில், யாருக்கு யாருக்கு என்று அந்த இரண்டரைக் கோட்டைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே போனார்கள். பெலாகியா மட்டும் வாசலில் நின்று திரும்பி வந்து, ஹல்ஷ்காவின் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

குழந்தையை ஜனவரி 29ஆம் தேதி கொண்டுவந்தார்கள். போகுமில் முன்னால், அவள் கம்பளிச் சுருளோடு பின்னால். தெருவில் பனி முழங்கால் அளவு இருந்தது. நடுவே அந்தப் பச்சைக் கோடு. அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் இருந்தன. பலர் கையால் தொண்டையைப் பிடித்திருந்தார்கள். அவள் தாண்டினாள். மாடி ஏறும்போது பத்தாவது படியில் குழந்தை அழுதது. நல்ல கனத்த அழுகை. நாலு கட்டிடங்களிலும் மக்கள் தங்கள் பெயரையும், அன்றைய கிழமையையும், நாக்கில் வந்ததையும் சொல்லிப் பார்த்தார்கள். நூற்று அறுபது வீடுகளில் ஒரு குரலும் குறையவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை, ஒன்றரைக் கோடு இன்னும் மிச்சமிருந்தது. அடுத்த ஆண்டு வந்த குழந்தைக்கு அது உதவியாயிற்று. ஹல்ஷ்காவின் பெண்ணுக்குக் கலினா என்று பெயர் வைத்தார்கள்.

போகுமில் அன்றிலிருந்து மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. மயிரிழை என்றால் எத்தனை தடவை என்று அவனுக்குத் தெரியாது, ஐந்தோ, பன்னிரண்டோ. கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் சிக்கனமாக வைத்துக்கொள்வோம், அது தீராத வரைக்கும் நானும் தீர மாட்டேன் என்பது அவன் முடிவு. "ஏ அம்மா", "மேடம்", "வீட்டுக்காரி", "மூன்றாம் மாடி", சில நாள் டிராமில் கூப்பிடுவதுபோல் "அடுத்த நிறுத்தம்". ஹல்ஷ்கா சமையலறையில் நின்று இதை யோசித்துப் பார்த்தாள். முள் அசையாததால் அவன் சொல்லவில்லை. அவன் சொல்லப் போவதில்லை என்பதால்தான் முள் அசையவில்லையோ என்னவோ. அப்படியானால் அது சாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஒன்றின் வால் ஒன்றின் வாயில் போய்ச் சுற்றியது. வளையத்துக்கு எது முதல், எது முடிவு என்று கேட்க முடியாது. வெட்டி ஒட்டின காலத்தில் இப்படி ஒரு பயம் அவளுக்கு இருந்ததில்லை. அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவன் வாயைப் பார்த்தாள். அது திறந்து முதல் எழுத்து வந்துவிடுமோ என்று பயந்தாள். வராத நாள்களில் அது வேண்டியிருந்தது.

கலினா பயந்த குழந்தையாக வளர்ந்தாள். இருட்டுக்கு, வாத்துக்கு, குப்பை வண்டிக்கு, ரேடியேட்டரில் பேசும் தையற்காரருக்கு. பயம் வந்தால் அம்மாவிடம் ஓடி வருவாள். ஹல்ஷ்கா அவளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வாள். உதடு ஒட்டும், பிரியும். சத்தம் இராது. வேறு வார்த்தைகள் இருந்தன. ஒன்றுமில்லை என்றும், அம்மா இருக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவை அந்த இடத்தில் உட்காரவில்லை. போகுமில் அதை உரக்கச் சொன்னால் குழந்தை அவனைத் தள்ளிவிட்டு அம்மாவின் உதட்டையே பார்க்கும். மூன்று வயதுக்குள் அவளுக்கு உதட்டைப் படிக்கத் தெரிந்துவிட்டது.

1968 ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், எல்லைப் பக்கம் போகிற ராணுவ வண்டிகள் பூங்காத் தெரு வழியாக வந்தன. முதலில் லாரிகள், பிறகு பீரங்கி இழுக்கும் வண்டிகள், பிறகு டாங்கிகள். முதல் டாங்கி திருப்பத்தில் வந்ததும் அலமாரியில் கண்ணாடிகள் ஆடின. மூன்றாவது வந்ததும் ஒலி கோட்டைத் தாண்டிற்று. குடியிருப்பு மொத்தமும் அடங்கிப்போயிற்று. ஹல்ஷ்காவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் பட்டும் சத்தம் எழவில்லை. குழாய்களும் அடங்கின. தெருவிலிருந்து வந்த அந்த ஒரே உறுமல்தான் எல்லா அறைகளிலும் நிரம்பி இருந்தது. கலினா மேசைக்கு அடியிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள், அலறல் இல்லாமல். ஹல்ஷ்கா அவளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து, உதட்டை ஒட்டிப் பிரித்தாள். குழந்தைக்கு அது பழகின விஷயம். மற்ற வீடுகளில் பிள்ளைகள் தாயின் வாயைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்தபோது, இவள் பார்த்தாள், புரிந்துகொண்டாள், நடுக்கம் குறைந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்தாள்.

ஜன்னலருகே நின்றிருந்த போகுமில் திரும்பினான். அவன் வாய் அசைந்தது. ஹல்ஷ்காவுக்கு முதலில் புரியவில்லை. அவன் இன்னொரு தடவை சொன்னான். சத்தமில்லாததை முள் எண்ணாது என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். மூன்றரை வருஷம் பூட்டி வைத்திருந்ததை அவன் அங்கேயே நின்று சொல்லத் தொடங்கினான். மெதுவாக, வேகமாக, கெஞ்சி, அதட்டி, சாக்ஸைக் கேட்கிற மாதிரி. ஹல்ஷ்கா. ஹல்ஷ்கா. டாங்கிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வாயைப் பார்த்தபடி நின்றாள். பயம் இருந்தது, இருந்தாலும் அவள் பார்த்தாள். எதிர்க் கட்டிடத்து ஜன்னலில் ஜெங்கியெல் வெளியே எட்டி, கைமுஷ்டியை ஆட்டி, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒன்றாக நாய் ரத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். டாங்கிகளின் மேல் நின்ற சிப்பாய்ப் பையன்கள் அவர் வாழ்த்துவதாக நினைத்துக் கையசைத்தார்கள். அவருக்கு மேல்மாடியில் கோர்பியேல் நெஞ்சில் கை வைத்து ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றார். கீழ்வீட்டு வாசலில் பெலாகியா யாரையோ பற்றி வின்சென்டியிடம் நிறையச் சொன்னாள். அவரும் பதில் சொன்னார்.

வண்டிகள் போய் முடிய நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசி லாரி திருப்பத்தில் மறைந்ததும் முதலில் கடிகாரம் கேட்டது, பிறகு குழாய்கள், பிறகு எங்கோ ஒரு கதவு. போகுமில் வாயை மூடிக்கொண்டு, நெற்றியைத் துடைத்து, மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"ஏ அம்மா, என்ன சூப்பு?"

"வெள்ளரிக்கா" என்றாள் ஹல்ஷ்கா. குழந்தையை இறக்கிவிட்டு, ஆறிப்போன பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

அந்த மாதம் வண்டிகள் இன்னும் பல நாள் வந்தன. பின்னால் வேறு வருஷங்களிலும், வேறு காரணங்களுக்காகவும் வந்தன. நகரத்தில் மற்ற தெருக்களில் டாங்கிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவார்கள். பூங்காத் தெருவில் திறந்து வைக்கிறார்கள்.